ஐந்தாம் பெட்டியும் ஒரு பெரிய தவளையும்

அன்று காலை நான் விஞ்ஞானி மாதிரி நடந்தேன். அதுதான் தப்பு.

விஞ்ஞானிகள் எப்படி நடப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. தலையை நிமிர்த்தி, குறிப்பேட்டை மார்போடு அணைத்து, பார்வையை எங்கோ தொலைவில் வைத்து நடந்தால் அப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. காலில் சித்தியின் பழைய ரப்பர் பூட்ஸ். என் காலைவிட மூன்று அளவு பெரியது. பூட்ஸுக்குக் கீழே ஒற்றைப் பலகை. பலகைக்குக் கீழே வயல் சேறு.

பார்வையைத் தொலைவில் வைப்பவர்களுக்குப் பலகையின் ஓரம் தெரியாது.

தொப்!

என் இடது கால் முழங்கால் வரை சேற்றுக்குள் போய்விட்டது. பக்கத்திலேயே ஐந்தாம் பெட்டி இருந்தது. கண்ணாடி போலத் தெளிவான பிளாஸ்டிக் பெட்டி. நாலைந்து நெற்பயிர்களை மூடி, வயலில் கவிழ்த்து வைத்திருப்போம். நான் விழுந்த வேகத்தில் அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் குபுகுபுவென்று பொங்கியது. ஒரு குமிழ், பத்துக் குமிழ், அப்புறம் எண்ண முடியவில்லை. அடுப்பில் உலை கொதிக்கிற மாதிரி இருந்தது.

"என்ன சத்தம்?"

ஆறாம் பெட்டியருகே குனிந்திருந்த சித்தி, திரும்பாமலே கேட்டார்.

"தவளை, சித்தி!"

"பெரிய தவளையா?"

"ரொம்பப் பெரிசு."

தவளை என்றது பொய். ரொம்பப் பெரிசு என்றது உண்மை. பாதி உண்மை சொல்லிவிட்டோம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு பலகைமேல் ஏறினேன். இடது பூட்ஸ் நிறையச் சேறு. நடந்தால் 'சளக், சளக்' என்றது.

குறிப்பேட்டைத் திறந்தேன். ஒவ்வொரு பெட்டிக்கும் நேரம், வெயில், தண்ணீர் எல்லாம் எழுதக் கட்டங்கள் உண்டு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தாலும் அதில் எழுத வேண்டும். நாய் ஓடியது, தூறல் விழுந்தது, எதுவானாலும்.

ஐந்தாம் பெட்டிக்கு நேராக நான் அழகான கையெழுத்தில் எழுதினேன்: ஒன்றுமில்லை.

*

சித்தி அம்மாவின் தங்கை. விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் வேலை. என்ன வேலை என்று என் வகுப்பில் யாராவது கேட்டால், "சேறு விடுகிற காற்றைப் பிடிக்கிற வேலை" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உண்மை அதுதான்.

வயலில் எப்போதும் தண்ணீர் நின்றால் சேற்றுக்குள் காற்று போகாது. காற்றில்லாத இடத்தைத்தான் சில நுண்ணுயிரிகள் சொந்த வீடாக நினைக்கின்றன. அவை அங்கே உட்கார்ந்து மீத்தேன் என்ற வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அது மேலே போய், பூமியின் வெப்பத்தை வெளியே போகவிடாமல் பிடித்துக்கொள்ளும். வெயில் காலத்தில் யாரோ கம்பளியைப் போர்த்திவிட்ட மாதிரி.

அதனால் அப்பாவின் வயலைச் சித்தி வரப்பு போட்டு இரண்டாகப் பிரித்திருந்தார். பழைய பாதியில் எப்போதும் தண்ணீர் நிற்கும். புதிய பாதியில் அவ்வப்போது தண்ணீரை வற்ற விட வேண்டும். அங்கே ஓட்டை போட்ட ஒரு குழாயைச் சேற்றில் நட்டிருந்தார். குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் மண்ணுக்கு அடியில் தண்ணீர் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று தெரியும். ஒரு சாண் கீழே இறங்கிய பிறகுதான் மறுபடி தண்ணீர் விட வேண்டும்.

பாதிக்கு மூன்று பெட்டி. நாலு, ஐந்து, ஆறு மூன்றும் புதிய பாதியில். செவ்வாய்க்கிழமைதோறும் காலையில் பெட்டியை மூடியதும் ஒரு தடவை, பிறகு பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, சித்தி சிரிஞ்சால் உள்ளேயிருக்கும் காற்றை உறிஞ்சிச் சின்னக் குப்பியில் அடைப்பார். பெட்டிக்கு நாலு குப்பி. அவை நிலையத்து இயந்திரத்துக்குப் போகும். எந்தப் பாதி எவ்வளவு மீத்தேன் விடுகிறது என்று அது சொல்லும்.

நேரம் சொல்வதும் குறிப்பு எழுதுவதும் என் வேலை. அந்த வேலையை நான் சும்மா கேட்டு வாங்கவில்லை. மூன்று நாள் அடம்பிடித்து வாங்கினேன். சித்தி மூன்று விதிகள் சொல்லித்தான் கொடுத்தார். பலகையை விட்டு இறங்காதே. பெட்டியை மூடும்போது அதன்மேல் மூச்சு விடாதே. நடந்ததை நடந்தபடி எழுது.

இரண்டாம் விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை.

அப்பா இதற்கெல்லாம் சும்மா ஒத்துக்கொள்ளவில்லை. போன வருடம் கதிர் வரும் சமயத்தில் வாய்க்கால் வறண்டுவிட்டது. விளைந்ததில் பாதி பதர். அறுவடை முடிந்த அன்று அப்பா வரப்பில் நின்றுகொண்டே இருந்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வரவில்லை. அதற்குப் பிறகுதான், குறைந்த தண்ணீரில் பயிர் செய்கிற வழியைச் சித்தி சொன்னபோது, "சரி, பாதி வயல். ஒரே ஒரு போகம்" என்றார்.

ஆனாலும் புதிய பாதியில் தண்ணீர் வற்றி மண் லேசாகக் கீறல் விடும்போதெல்லாம் அப்பாவின் முகத்திலும் கீறல் விழும். பக்கத்து வயல்காரர் வேறு, "என்னங்க, உங்க வயலுக்கு வயிறு சரியில்லையா? பத்தியமா?" என்று வரப்பிலிருந்தே விசாரிப்பார்.

*

அடுத்த திங்கட்கிழமை மாலை சித்தி ஒரு காகிதத்தோடு வீட்டுக்கு வந்தார். பூட்ஸைக்கூடக் கழற்றாமல் மேசை முன்னால் உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினார். புரட்டிய பக்கத்தையே திரும்பத் திரும்பப் புரட்டினார்.

"என்ன ஆச்சு, சித்தி?"

"ஒண்ணுமில்ல."

பெரியவர்கள் 'ஒண்ணுமில்ல' என்றால் ஏதோ பெரிதாக இருக்கிறது என்று பொருள். நான் அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

காகிதத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு கோடுகள், நாலு குப்பிக்கு. எல்லாம் புல் முளைத்த மாதிரிக் குட்டையாக இருந்தன. ஐந்தாம் பெட்டியின் முதல் இரண்டு கோடும் குட்டைதான். மூன்றாவது கோடு மின்கம்பம் மாதிரி மேலே போயிருந்தது. நாலாவது இன்னும் உயரம்.

எட்டிப் பார்த்த தலையை மெல்லப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

"இது ஏன் இவ்ளோ உசரம்?" என்று அப்பா கேட்டார்.

"தெரியல, மாமா. ரெண்டாவது குப்பிக்கும் மூணாவது குப்பிக்கும் நடுவுல என்னமோ நடந்திருக்கணும். ஆனா குறிப்புல ஒண்ணும் இல்ல." சித்தி அந்தக் கட்டத்தின்மேல் விரலை வைத்தார். என் அழகான கையெழுத்தின்மேல். "எதுவும் நடக்கலைன்னா, சேறு தானாவே இவ்வளவு விட்டிருக்குன்னு அர்த்தம். நிலையத் தலைவர் அப்படித்தான் சொல்றார். ஆறு விவசாயிங்க வயல்ல ஒண்ணை நிறுத்தணுமாம். இந்த வயலை நிறுத்திட்டு, பெட்டியெல்லாம் வேற ஊருக்கு எடுத்துட்டுப் போகலாம்னு. நாளன்னைக்குக் காலைல வரார்."

அப்பா காகிதத்தை மடித்து மேசையில் வைத்தார்.

"நிலையமே வேண்டாம்னா நான் எதுக்கு வயலைக் காயப் போடணும்? குழாயைப் பிடுங்கிட்டுத் தண்ணியைக் கட்டிடறேன்."

"வாய்க்கால்ல தண்ணி வரணுமே, மாமா."

"வந்தா வருது."

"வரலைன்னா?" என்று நான் கேட்டேன்.

"போய்ப் படி," என்றார் அப்பா.

எங்கள் வீட்டில் பதில் இல்லாத கேள்விகளுக்கெல்லாம் பதில் அதுதான்.

*

செவ்வாய்க்கிழமை காலை, சித்தி ஸ்கூட்டரில் பெட்டிச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று மூச்சு விடாமல் சொன்னேன்.

"சித்தி அன்னிக்குத் தவளை இல்ல நான்தான் பலகையிலிருந்து விழுந்தேன் இடது கால் முழங்கால் வரைக்கும் அஞ்சாம் பெட்டிக்குள்ள குமிழ் குமிழா வந்தது எழுதாம விட்டுட்டேன்."

சித்தி கயிற்றைப் பிடித்தபடியே நின்றார்.

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டாவது குப்பி எடுத்து அஞ்சு நிமிஷம் கழிச்சு."

"ம்."

"இப்போ குறிப்புல எழுதிடட்டுமா? நான் விழுந்தேன்னு?"

"இப்போ எழுதி என்ன பண்றது? பிடிக்காத எண் வந்தது, உடனே ஒரு காரணம் கண்டுபிடிச்சுட்டாங்கன்னு தோணும். தலைவர் இடத்துல நான் இருந்தா எனக்கே அப்படித்தான் தோணும்." சித்தி முடிச்சைப் போட்டார். போட்ட முடிச்சை அவிழ்த்து மறுபடி போட்டார். "நீ இன்னிக்கு வர வேண்டாம். ஸ்கூலுக்குக் கிளம்பு."

"சித்தி, என் மேல கோபமா?"

"ஒண்ணுமில்ல."

ஸ்கூட்டர் போய்விட்டது. பூட்ஸ் இரண்டும் வாசலில் நின்றன. திட்டியிருந்தால் தேவலை. அழுதோ அடம்பிடித்தோ ஏதாவது செய்யலாம். ஒன்றுமில்லையோடு யார் சண்டை போட முடியும்?

அன்று வகுப்பில் ஆசிரியை எதையோ கேட்டபோது, "குமிழ்" என்று பதில் சொன்னேன். கேள்வி கணக்கில்.

ஆனால் அன்று முழுவதும் நான் சும்மா இருக்கவில்லை. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரைந்துகொண்டே இருந்தேன். ஒரு பெட்டி, நாலு குப்பி, ஒரு பலகை. பலகையிலிருந்து தலைகீழாக ஒரு பெண். என் மூக்கு அவ்வளவு நீளம் இல்லை. மற்றபடி படம் சரியாகத்தான் இருந்தது.

நான் விழுந்ததை யாரும் நம்ப வேண்டாம். சேறு என்ன சொல்கிறது என்று பார்க்கட்டும்.

*

புதன்கிழமை காலை நிலையத் தலைவர் வந்தார். அவருக்கு நான் 'பார்க்கலாம் சார்' என்று பெயர் வைத்திருந்தேன். எதைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார். உயரமான மனிதர். வெள்ளைச் சட்டை. பலகைமேல் ஒரு சொட்டுச் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர். அதற்காகவே எனக்கு அவர்மேல் கொஞ்சம் பொறாமை.

சித்தி முதல் பெட்டியைத் தூக்கக் குனிந்தார். அப்பா குழாயைப் பிடுங்க வரப்பிலிருந்து இறங்கினார்.

எனக்கு முன்னால் அவரால் போக முடியவில்லை. நான் பள்ளிச் சீருடையோடும் பூட்ஸோடும் பலகையில் ஓடி, குழாயை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய் வாலு, எழுந்திரு," என்றார் அப்பா.

"மாட்டேன்."

"ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"ஆகட்டும்."

"ஐயா முன்னாடி மானத்தை வாங்காதே."

"ஐயாகிட்டத்தான் பேசணும்." நான் தலைவரை நிமிர்ந்து பார்த்தேன். குழாயை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "ஐயா, அந்த எண் சரிதான். அதோட காரணம்தான் தப்பு. சேறு தானா விடல. நான் பக்கத்துல விழுந்தேன். விழுந்துட்டு, 'ஒன்றுமில்லை'ன்னு எழுதினேன். அன்னிக்குச் சித்திக்கு அது தெரியாது."

தலைவர் சித்தியைப் பார்த்தார். சித்தி தரையைப் பார்த்தார்.

"பார்க்கலாம்மா," என்றார் தலைவர். "முதல்ல எழுந்திரு."

"எப்போ பார்க்கலாம், ஐயா?"

அவரிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன?"

"பார்க்கலாம்னு சொன்னீங்களே, எப்போன்னு கேட்டேன். பெட்டியெல்லாம் இங்கதான் இருக்கு. சித்தி இருக்காங்க. குப்பி இருக்கு. நானும் இருக்கேன். நேத்துத்தான் தண்ணியும் விட்டிருக்காங்க, அன்னிக்கு நின்ன அளவு நிக்குது. பெட்டியை மூடி ரெண்டு குப்பி எடுங்க. நான் அன்னிக்கு மாதிரியே விழறேன். அப்புறம் ரெண்டு குப்பி எடுங்க. விழுந்ததுக்கு அப்புறம் எண் ஏறலைன்னா நானே குழாயைப் பிடுங்கித் தரேன்."

"வேணும்னே குதிக்கறது வேற, தவறி விழறது வேற," என்றார் தலைவர்.

"அன்னிக்கு விழுந்த மாதிரியே விழுவேன். இடது கால். முழங்கால் வரைக்கும். இதே பூட்ஸ்."

"ஒரு தடவை நடந்தா தற்செயலா இருக்கலாம்."

"மூணு தடவை விழறேன். மூணு பெட்டி இருக்குல்ல."

"பயிர் நசுங்கும்!" என்றார் அப்பா.

"போன வருஷம் எவ்வளவு பயிர் போச்சு, அப்பா?"

இப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு வாய்க்காலைப் பார்த்தார். அதில் தண்ணீர் கால் பாகம்கூட இல்லை. 'போய்ப் படி' என்று சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை.

"மூணு தடவைதானே?" என்றார் மெல்ல.

தலைவர் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "நேரம் நான் பார்க்கிறேன். குறிப்பு யார் எழுதறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் எழுத மாட்டேன்," என்றேன். "எனக்கு இப்போ அந்தத் தகுதி இல்ல. அப்பா எழுதட்டும். அவருக்கு இந்த முறை மேல நம்பிக்கையே இல்ல. அதனால சரியா எழுதுவார்."

தலைவரின் மீசைக்குள் ஏதோ அசைந்தது. சிரிப்பாகக்கூட இருக்கலாம்.

*

வேண்டுமென்றே தவறி விழுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? தானாக விழும்போது யோசிக்க வேண்டியதில்லை. மூன்று பேர் கடிகாரத்தோடு காத்திருக்கும்போது கால் நகர மாட்டேன் என்கிறது.

"பதினஞ்சாவது நிமிஷம்," என்றார் தலைவர். "விழலாம்."

தலையை நிமிர்த்தினேன். கையில் குறிப்பேடு இல்லாததால் பள்ளிப் பையை அணைத்துக்கொண்டேன். பார்வையைத் தொலைவில் வைத்தேன். விஞ்ஞானி மாதிரி நடந்தேன்.

தொப்!

நாலாம் பெட்டிக்குள் குமிழ்கள் கிளம்பின. சித்தி சட்டென்று பெட்டிப் பக்கம் குனிந்தார். தலைவரும் குனிந்தார். யாரும் எனக்குக் கை கொடுக்கவில்லை. விஞ்ஞானம் என்றால் அப்படித்தான்.

அப்பா மட்டும் நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார். பிறகு நான் அதைப் படித்துப் பார்த்தேன். அப்படியே தருகிறேன்.

'நாலாம் பெட்டி. பதினைந்தாம் நிமிடம். மகள் பலகையிலிருந்து விழுந்தாள். இடது கால், முழங்கால் வரை. பயிர் இரண்டு சாய்ந்தது. குமிழ் நிறைய.'

'ஐந்தாம் பெட்டி. பதினைந்தாம் நிமிடம். மறுபடி விழுந்தாள். இடது கால். பயிர் சாயவில்லை. குமிழ் நிறைய. இப்போது கொஞ்சம் பழகிவிட்டாள்.'

'ஆறாம் பெட்டி. பதினாறாம் நிமிடம். ஒரு நிமிடம் தாமதம், பூட்ஸ் கழன்றதால். இந்த முறை முழுதாக விழுந்தாள். முகம் வரை சேறு. சீருடை போயிற்று. அவள் அம்மாவிடம் யார் சொல்வது என்று முடிவாகவில்லை.'

பக்கத்து வயல்காரர் வரப்பில் வந்து நின்று எல்லாவற்றையும் பார்த்தார்.

"என்னங்க, பொண்ணு ஏன் இப்படி விழுந்து விழுந்து எழுந்திரிக்குது?"

"ஆராய்ச்சி," என்றார் அப்பா, நிமிராமலே. "பேசாம நில்லுங்க. உங்க பேரையும் குறிப்புல எழுதிடுவேன்."

*

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் நிலையத்துக்குப் போனேன். இயந்திரம் இருக்கும் அறை குளிர்ந்து கிடந்தது. இயந்திரம் பார்க்கப் பழைய பிரிட்ஜ் மாதிரி, கொஞ்சம் 'ஊம்' என்று முனகிக்கொண்டிருந்தது. சித்தி ஒவ்வொரு குப்பியாகக் கொடுக்க, திரையில் கோடுகள் முளைத்தன.

சித்தி என்னோடு பேசினார். "அந்த நாற்காலியை இழு", "வயரை மிதிக்காதே", இப்படி. மற்றபடி ஒன்றுமில்லை.

நாலாம் பெட்டி. முதல் குப்பி, குட்டை. இரண்டாம் குப்பி, குட்டை. மூன்றாம் குப்பி...

மின்கம்பம்.

ஐந்தாம் பெட்டி. குட்டை, குட்டை, மின்கம்பம், அதைவிடப் பெரிய மின்கம்பம்.

ஆறாம் பெட்டியின் கோடு திரையின் உச்சியை முட்டியது. முகம் வரை விழுந்ததற்கு அதுவாவது கிடைக்க வேண்டாமா?

தலைவர் எங்களுக்குப் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியாது.

"மூணுக்கு மூணு," என்றார்.

"அப்போ பழைய எண்ணை அழிச்சிடலாமா, ஐயா?" என்று கேட்டேன்.

"அழிக்க முடியாது. வந்த எண் வந்ததுதான்." அவர் பேனாவை எடுத்தார். ஐந்தாம் பெட்டியின் பழைய எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரம் போட்டார். பக்கத்தின் அடியில் இன்னொரு நட்சத்திரம் போட்டு, பொடி எழுத்தில் எழுதினார்: 'அளவீட்டின்போது உதவியாளர் பெட்டியருகே விழுந்தார். சோதித்து உறுதி செய்யப்பட்டது.'

"மத்த வாரமெல்லாம் புதிய பாதி குறைவாத்தான் விட்டிருக்கு," என்றார் சித்தி. "இந்த ஒரு நாள்தான் வம்பு பண்ணுச்சு."

"போகம் முடியற வரைக்கும் இந்த வயல் இருக்கட்டும்," என்றார் தலைவர். "அதுக்கப்புறமும் குறைவா இருக்கான்னு..."

"பார்க்கலாம்!" என்றேன் நான்.

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார். நடக்கும்போது தோள் குலுங்கியது.

அப்பாவுக்குப் போன் செய்தோம். சித்தி விஷயத்தைச் சொன்னார்.

"நான் குழாயைத்தான் எட்டிப் பாத்துட்டு இருக்கேன்," என்றார் அப்பா. "நேத்துக்கு இன்னிக்குக் கொஞ்சம் இறங்கியிருக்கு. ஒரு சாண் இறங்கட்டும். அப்புறம் தண்ணி விடலாம்."

அப்பாவைப் பொறுத்தவரை அது ஒரு பெரிய சொற்பொழிவு.

*

திரும்பும்போது சித்தியின் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்தேன். முன்னால் கொக்கியில் ஒரு பை தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. அதிலிருந்து இரண்டு ரப்பர் பூட்ஸ் எட்டிப் பார்த்தன. சின்னது. சித்தியின் காலுக்கு நிச்சயம் நுழையாது.

யாருக்கு என்று கேட்கவில்லை. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று பாக்கி இருந்தது.

"சித்தி, ஒண்ணு கேட்கவா? 'ஒண்ணுமில்ல'ன்னு மட்டும் சொல்லக் கூடாது."

"கேளு."

"என் மேல கோபமா?"

ஸ்கூட்டர் வேகம் குறைந்தது. சாலையோரம் போய் நின்றது. சித்தி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு முழுதாகத் திரும்பினார்.

"ஆமா," என்றார். "கோபம்தான். விழுந்ததுக்கு இல்ல. அந்தப் பலகைல நானே நாலு தடவை விழுந்திருக்கேன். 'ஒன்றுமில்லை'ன்னு எழுதினியே, அதுக்கு."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் ஒரு விசித்திரம். ஒன்பது நாளாகக் காலில் மாட்டியிருந்த சேறு நிறைந்த பூட்ஸை யாரோ இழுத்துக் கழற்றிவிட்ட மாதிரியும் இருந்தது.

"இப்போ எவ்வளவு கோபம்?" என்று கேட்டேன்.

சித்தி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொஞ்சம் யோசித்தார்.

"செவ்வாய்க்கிழமை மூணாம் குப்பி அளவு இருந்தது. இப்போ ரெண்டாம் குப்பிக்கு வந்திருக்கு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை அளந்துட்டுத்தான் இருக்கேன். முதல் குப்பிக்கு வந்ததும் சொல்றேன்."